கஸ்மாவின் பேர் இருந்த தாள்

மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை தோலின் மேலேயே நிற்காது, உள்ளே இறங்கிவிடும். பழைய எழுத்தை அழிக்க வேண்டுமென்றால் தோல்தாளைப் பாலில் ஊறப்போட வேண்டும். தளர்ந்ததும் மாவு தூவி, நுரைக்கல்லால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கிழியும்.

அந்த வசந்தத்தில் நான் தேய்த்தது என் தம்பி கஸ்மா எழுதிய கிரேக்க நற்செய்தி.

இருவரும் இதே மடத்துத் துறவிகள். குளிர்காலக் காய்ச்சலில் அவன் போய்விட்டான். அடக்கம் செய்ததிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை, ஜெபமும் வரவில்லை. ஜெபத்துக்கு அழைக்கப் பலகை தட்டும் ஒலி கேட்டால் போய் நிற்பேன். உதடு அசையும். அவன் பேர் வரும் இடத்தில் நின்றுவிடும். அவனுக்கு என்னை விட்டால் வேறு உறவும் இல்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தை எழுதியவன் கடைசித் தாளில் தன் பேரைப் போட்டு, தனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்வான். கோயிலில் அதையும் உரக்கப் படிப்பார்கள், கேட்பவர்கள் வேண்டுவார்கள். கஸ்மாவும் அப்படிக் கேட்டிருந்தான். ஆனால் மலைக்கு அப்பால் எல்லாரும் அரபியிலேயே பேசி அரபியிலேயே சண்டை போடுகிறவர்கள். கிரேக்கத்தில் வாசித்தால் கொட்டாவி விடுவார்கள். அங்கே ஓர் ஊரார் அரபி நற்செய்தி வேண்டுமென்றார்கள். ஆடுகளுக்கு நோய், புதுத் தோல் கிடைக்கவில்லை. நூலறைப் பொறுப்பிலிருந்த மூத்த துறவி, நாங்கள் அப்பா என்று அழைக்கும் ஜுரைஜ், அழித்து எழுதச் சொல்லி கஸ்மாவின் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

கடைசித் தாளுக்கு வந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"குடு, சர்ஜூனு, இத நான் தேச்சுக்கறேன்."

"நீங்க தேச்சா ஓட்ட விழும், அப்பா."

"உன் தம்பி எழுத்துக்கு ஓட்டயே தேவல. ஆடு நடந்துபோன மாதிரி இருக்கு."

நான் சிரிக்கிறேனா என்று பார்த்தார். நான் தேய்த்தேன். பேர் மாவோடு மாவாக உதிர்ந்தது. கையைத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

பெரிய தாளைப் பக்கவாட்டில் திருப்பி நடுவில் மடித்தால் இரண்டு சிறிய தாள் கிடைக்கும். பழைய வரிகளின் தடம் புது வரிகளுக்குக் குறுக்கே ஓடுவதால் கண்ணைக் குழப்பாது. பழைய தாளின் கீழ் ஓரம், பேர் இருந்த இடம், புதியதில் வெளி ஓரமாகிவிடும். உள்ளே இறங்கிய மை பல வருஷம் கழித்துப் பழுப்பாக மேலேறி வரும். கஸ்மாவின் பேரும் ஒருநாள் அந்த ஓரத்தில் தெரியும். அதைப் படிக்கத்தான் யாரும் இருக்க மாட்டார்கள்.

கோடை முடிவதற்குள் அரபியில் எழுதி முடித்தேன். கடைசியில், 'இதை எழுதிய பாவி கஸ்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்று போட்டேன். ஜுரைஜ் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எழுதினது நீதானேடா? அவனுக்கு அரபில திட்டத்தான் தெரியும், எழுதவா தெரியும்?"

"எனக்கு ஜெபம் வரல, அப்பா. வர்றவங்க அவனுக்காகப் பண்ணட்டும்."

"அப்ப உனக்கு யார் பண்ணுவா?"

நான் எழுதுகோலைத் துடைத்து வைத்தேன். அவர் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"நற்செய்தி பொய்யில முடியக் கூடாது. ஒரு வார்த்தைய மாத்து, போதும்."

சுரண்டி மாற்றினேன்: 'இந்தத் தோலில் முன்பு எழுதிய பாவி கஸ்மாவுக்காக.' என் பேரைப் போடவில்லை.

புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வூர்ப் பாதிரியார் கடைசி வரிவரை படித்தார். கஸ்மாவைப் பார்த்தேயிராத ஜனங்கள், ஆண்டவர் அவனுக்கு இரங்கட்டும் என்றார்கள். தூணோரம் நின்ற என் உதடும் அவர்களோடு அசைந்தது, இந்த முறை நடுவில் நிற்கவில்லை. சத்தம் வரவில்லை. பிறகு பருப்புக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.