தெருச் செய்தி மட்டும்

எங்கள் அப்பா காலை வணக்கம் சொல்லக் கூடாது என்று தடை போட்ட ஆளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெருவில் எல்லோரும் அவரைச் 'சட்டம்' என்றுதான் சொல்வார்கள். அப்பா குடியிருந்த தெருவின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஓய்வு பெற்று வந்தபின் வீட்டில் அதட்டுவதற்கு ஆள் சிக்காமல் தெருவுக்கு இறங்கியவர். குப்பைத் தொட்டியின் மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் ஒரு விதி இருக்கும். கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு மனசு வராது.

சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. தண்ணீர் எந்த நேரம் திறப்பார்கள், மின்தடை எப்போது, கொசு மருந்து வண்டி எந்தப் பக்கம் வரும், வார்டு ஆபீஸில் யாரைப் பிடித்தால் வேலை நடக்கும், எல்லாம் அதில்தான். நான் கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுன்டரில் உட்கார்ந்து ரசீது போடுகிறேன். ஆனாலும் அந்தக் குரூப்பை விட்டு வெளியே வரவில்லை. "எந்த ஊர்லயோ குழாய்ல காத்து வர்றதுக்கு நீ ஏன் இங்க உச்சுக் கொட்டுற?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்பாவுக்காகத்தான் என்று அவருக்கும் தெரியும்.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். இன்ஜின் சத்தத்திலேயே காலம் தள்ளியதில் காது போய்விட்டது. அம்மா போனபின் மொட்டைமாடியை ஒட்டிய ஒற்றை அறையில் தனியாக இருந்தார். கோடையில் அந்த அறைக்குள் மனுஷன் இருக்க முடியாது. சுவரில் கை வைத்தால் சுடும், பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். என்னோடு வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கெஞ்சிப் பார்த்தேன்.

"உன் வீட்டுல எனக்கு என்ன வேலை?" என்பார்.

"வேலை பாக்கவா கூப்பிடுறேன்? சும்மா இருங்களேன்."

"சும்மா இருக்கத் தெரியாதும்மா எனக்கு."

போன கோடையில் இந்தப் பேச்சு முற்றி, நான் கத்திவிட்டேன். காது கேட்காதவரிடம் கத்தும்போது கோபம் எது, சத்தம் எது என்று நமக்கே தெரியாமல் போய்விடும். "அப்படின்னா இனிமே எனக்குப் போனும் பண்ணாதீங்க, மெசேஜும் போடாதீங்க!" என்றேன். எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை இது? வேறொரு அப்பாவாக இருந்தால் நாலு நாளில் எதையாவது சாக்கு வைத்துக் கூப்பிட்டிருப்பார். எங்கள் அப்பா ஒருவர் சொன்ன சொல்லை நட்டு முடுக்குவதுபோல் முடுக்கி வைத்துவிடுவார். போனும் வரவில்லை, மெசேஜும் வரவில்லை. எனக்கும் வீம்பு. அவர் பெற்ற பெண் வேறு எப்படி இருப்பாள்?

ஆனால் குரூப்பில் தினமும் விடிந்ததும் ஒரு காலை வணக்கம் போடுவார். ரோஜாப்பூ, உதிக்கிற சூரியன், தட்டில் இரண்டு கிளி, எங்கிருந்துதான் பிடிப்பாரோ. அது எனக்குப் போட்டது இல்லையே, தெருவுக்குப் போட்டது. அதனால் அவர் வாக்கும் தவறவில்லை. குரூப்பில் யார் யார் பார்த்தார்கள் என்று தெரியும் அல்லவா, கீழ்வீட்டுத் தையல்கார அக்கா அதை அவருக்குக் காட்டிக் கொடுத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேனா என்று பார்த்தபிறகுதான் அடுப்பில் டீயை வைப்பாராம். நானும் பல் தேய்க்கும் முன் அந்தப் பூவைப் பார்த்துவிடுவேன். அப்பா எழுந்துவிட்டார், இருக்கிறார். அன்றைக்கு அது போதும். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் சட்டம் ஓர் அறிவிப்புப் போட்டார். "உறுப்பினர் கவனத்திற்கு. கோடையை முன்னிட்டு தண்ணீர் லாரி, மின்தடை போன்ற முக்கியத் தகவல்கள் வணக்கங்களுக்கு அடியில் மறைந்துவிடுவதாகப் புகார் வந்துள்ளது. எனவே இன்று முதல் குரூப்பில் தெருச் செய்தி மட்டும். பூ, பொன்மொழி, பிறந்தநாள் வாழ்த்து ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை." கீழே கட்டைவிரல் வரிசையாக வந்து விழுந்தது. அப்பாவும் ஒரு கட்டைவிரல் வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் பூ வரவில்லை. காரணம் தெரியும், தெரிந்தும் இருப்புக்கொள்ளவில்லை. கவுன்டருக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"இருக்காரும்மா, மாடியில துணி காயப் போட்டுட்டு இருக்காரு," என்றாள். "ஏன்ப்பா மூஞ்சி இப்படி இருக்குன்னு கேட்டேன். நமக்கு வேலை போயிடுச்சும்மாங்கிறாரு."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சட்டத்துக்குத் தனியாக எழுதினேன். அப்பா ஒற்றை ஆளாக இருக்கிறார், அந்த ஒரு வணக்கத்தை வைத்துத்தான் எனக்கு அவர் நலம் தெரிகிறது, அவருக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள் என்று. பதில் உடனே வந்தது: "விதி அனைவருக்கும் பொது. தங்கள் தந்தை தங்களுக்கு நேரடியாகவே வணக்கம் அனுப்பலாமே?" அந்த ஆள் கேட்டது நியாயம். அதனாலேயே எரிச்சல் தலைக்கு ஏறியது. எங்கள் வீட்டு வீம்பை அவரிடம் போய் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? நானே அப்பாவுக்கு எழுதிவிடலாம் என்று போனை எடுத்தேன். 'அப்பா' என்று அடித்துவிட்டு அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்தேன்.

அதற்கு மறுநாள் குரூப்பில் அப்பாவிடமிருந்து ஒரு படம் வந்தது. தெருமுனை விளக்குக் கம்பம். கீழே எழுதியிருந்தார்: "பழுது: விளக்கு பகலிலும் எரிகிறது."

டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸின் கோளாறையும் அப்படித்தான் எழுதுவார்களாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரத்தம் கொடுத்த கையை மடக்கிக்கொண்டு எதிரே நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிழவர் சட்டத்தையே மடக்கிவிட்டார், பாருங்கள். தெருச் செய்திதானே கேட்டீர்கள், இந்தாருங்கள்!

அதிலிருந்து ஒரு நாள் தவறவில்லை. "பழுது: மூலைவீட்டு எதிரே சாக்கடை மூடி உடைந்துள்ளது." "பழுது: லாரி வந்தது, பாதித் தெருவோடு திரும்பியது." "பழுது: குழாயில் காற்று மட்டும் வருகிறது." முதலில் ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள், பெரியவருக்குப் பொழுது போகவில்லை என்று. பிறகு அவர்களே அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஐயா, லாரி கிளம்பிடுச்சா? ஐயா, எங்க பக்கம் எப்போ திறப்பாங்க? சட்டம் ஒரு நாள் அவரை 'முன்மாதிரி உறுப்பினர்' என்று அறிவித்தார். அப்பா அதற்கும் ஒரு கட்டைவிரல் வைத்தார்.

வெயில் ஏற ஏற அந்த ஊர் நாறிப்போனது. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார்கள், பிறகு அதுவும் இல்லை என்றார்கள். பூங்காவை வெயில் நேரத்தில் பூட்டி வைத்தார்கள். வெயிலுக்கு ஒதுங்க நிழற்பந்தல் போட்டிருப்பதாக மாநகராட்சி அறிவித்த இடத்தில் நாலு மூங்கில் கழி மட்டும் நின்றது. அதையும் அப்பாதான் படம் பிடித்துப் போட்டார். நான் தினமும் அந்த மாநகராட்சியைத் திட்டினேன், திட்டிக்கொண்டே நிம்மதியாக இருந்தேன். அந்த ஊரில் எது கெட்டுப்போனாலும் எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. எங்கள் அப்பாவுக்கு மறுபடியும் டிப்போவுக்குப் போகிற மாதிரி ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். படங்கள் தெருவைத் தாண்டி, கடைவீதியைத் தாண்டி, வார்டு ஆபீஸ் வரை போவதைப் பார்த்தேன். காலாற நடக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் ஒன்றும் வரவில்லை. டீ வேளை போயிற்று. கவுன்டரில் கூட்டம். ஒரு ரசீதுக்கும் அடுத்த ரசீதுக்கும் நடுவே போனைத் திறந்து திறந்து பார்த்தேன். அக்காவைக் கூப்பிட்டால் எடுக்கவில்லை, தையல் மிஷின் ஓடினால் அவளுக்கு எதுவும் காதில் விழாது. ஒருத்தருக்கு மாற்றி இன்னொருத்தரின் ரசீதைக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். வெயில் உச்சிக்கு வந்த பிறகு போன் மினுக்கியது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற ரோட்டில் பெரிய குழாய் ஒன்று கசிந்து, தார் ரோடு நனைந்திருக்கிற படம். "பழுது: குழாய் கசிவு. தண்ணீர் வீண்." எழுத்து மட்டும் கொஞ்சம் தப்பும் தவறுமாக இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிபன் பாக்ஸைத் திறந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்த நேரத்தில் குரூப்பில் கட்டைவிரல்கள் விழுந்துகொண்டிருந்தன.

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அக்கா கூப்பிட்டிருந்தாள். மறுபடி கூப்பிட்டபோது பேச முடியாமல் அழுதாள். அந்தக் கசிவுக்குப் பக்கத்திலேயே அப்பா விழுந்து கிடந்தாராம். நிழல் கிடையாது, அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஆள் நடமாட்டமும் கிடையாது. லாரிக்காரர் ஒருவர் பார்த்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடம்பு தாங்குகிற வெயில் இல்லை என்று டாக்டர் சொன்னார். வேறு யார் வீட்டுக்கோ சொல்லவேண்டியதை என்னிடம் சொல்கிறார் என்பதுபோல் நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன்.

சட்டம் குரூப்பில் அறிவிப்புப் போட்டார். "நமது முன்மாதிரி உறுப்பினர் காலமானார். அனுதாபச் செய்திகளைக் குடும்பத்தாரிடம் நேரில் தெரிவிக்கவும். குரூப்பில் பதிவிட வேண்டாம். நாளை லாரி வரும் நேரம் மாற்றப்பட்டுள்ளது." அதன்படியே ஒருவரும் பதிவிடவில்லை. நேரில் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். மாடிப்படி கொள்ளாமல் வந்தார்கள்.

எல்லாம் முடிந்த மறுநாள் அந்த அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். அக்கா தரையில் உட்கார்ந்து அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். சட்டம் வந்து வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை.

"அந்தப் பைப்பை அன்னிக்கே அடைச்சுட்டாங்கம்மா," என்றார். "புகார் கொடுத்த அன்னிக்கே வந்து பாத்தது இதுதான் முதல் தடவை. உங்க அப்பா போட்ட படத்தைக் காட்டித்தான் ஆளை வரவழைச்சேன். உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்குமேன்னு..."

"ஒரு வணக்கத்துல உங்க தண்ணி லாரி மறைஞ்சா போயிடும்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்பதை அப்போதுதான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

அவர் படி இறங்கிப் போனபின் அக்காவிடம் கேட்டேன். "இவ்வளவு தூரம் எதுக்குக்கா போனாரு? அதுவும் அந்த வெயில்ல?"

அக்கா கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அன்னிக்கு எல்லாமே ஒழுங்கா இருந்துச்சும்மா," என்றாள். "காலையிலயே குழாய்ல தண்ணி வந்துச்சு, நல்லா வேகமா. கரன்ட் போகல. குப்பை வண்டியும் வந்துட்டுப் போச்சு. சாக்கடை மூடியைக்கூட முந்தின நாள்தான் மாத்தினாங்க. அப்பா தெருவை ரெண்டு தடவை சுத்திட்டு வந்து என் வாசல்ல நின்னாரு. ஒரு பழுதுமே இல்லம்மா, இன்னிக்கு என்னத்தைப் போடுறதுன்னு கேட்டாரு. ஒரு நாள் போடலேன்னா என்னப்பா, வெயில் கொளுத்துது, மேல போய்ப் படுங்கன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"பொண்ணு பயந்துடுவான்னாரு."

கோடை முழுவதும் நான் வாய் ஓயாமல் திட்டிய மாநகராட்சி அந்த ஒரு நாள் அந்தத் தெருவில் எல்லா வேலையையும் சரியாகச் செய்திருந்தது. தெருவிலேயே ஒரு குழாய் உடைந்திருக்கக் கூடாதா, ஒரு விளக்கு கெட்டிருக்கக் கூடாதா என்று அக்காவின் மடியில் விழுந்து அழுதேன்.