கோடீன் கேட்காத உடம்பு

ஜோசெட் தன் பப்பா எட்மோனின் தலையைத் தூக்கிப் பிடித்து, கோடீன் வலி மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவர் விழுங்கிவிட்டு மறுபடி முனக ஆரம்பித்தார். கணையத்தில் புற்று, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் ஹான் சொல்லிவிட்டார். சைகோனின் அந்தச் சந்தில் ஒரு வீட்டு முனகல் நாலு வீட்டுக்குக் கேட்கும். அம்மா மாரி-ரோஸுக்கு அது மானக்கேடு. பாண்டிச்சேரி வேதக்காரர்கள் வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"மாத்திரை போட்டுமா இந்தக் கூப்பாடு? பல்லு புடுங்குனப்பவும் இதே மாத்திரைதான். அப்பவும் தெருவையே கூட்டுனீங்க" என்றாள் அம்மா.

"வலிக்குதுடி. நீதான் நம்ப மாட்டேங்கிற."

ஜோசெட்டின் கையில் தம்ளர் அப்படியே நின்றது. அவள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். கோடீனும் மார்ஃபினும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறுதான். கோடீனின் ஒரு மூலையில் மட்டும் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஈரலில் இருக்கும் ஒரு நொதி அந்தத் துணுக்கைக் கழற்றினால்தான் அது மார்ஃபினாகி வலியைத் தொடும். சிலருக்கு அந்த நொதி பரம்பரையாக, பிறவியிலேயே வேலை செய்வதில்லை. பல் பிடுங்கியபோதும் கேட்கவில்லை என்றால்?

டாக்டருக்குப் போன் செய்து அதைச் சொன்னாள். பரிசோதனைக்கு நேரமில்லை, மார்ஃபினையே கொடுத்துப் பார்ப்போம் என்றார். மதியத்துக்குள் மருந்து வந்தது.

"பப்பா நடிக்கலம்மா. அந்த மாத்திரைய அவரு ஈரலால பிரிக்க முடியல, அவ்வளவுதான்."

மாரி-ரோஸ் அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் எட்மோனின் நெற்றிச் சுருக்கம் விட்டிருந்தது. சூப் கேட்டார். அம்மாதான் ஊட்டினாள்.

"சத்தத்தையே காணோமேன்னு பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாக்கப் போறான்" என்றார். அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, தூக்கத்திலேயே அவர் மூச்சு நின்றது.

அடக்கத்துக்கு எட்மோனின் தம்பி கப்ரியேல் நொண்டிக்கொண்டு வந்தார். முட்டிவலிக்கு அவரும் கோடீன்தான் சாப்பிடுகிறார். மாத்திரை போட்டும் நொண்டுகிறாரே என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் கேலி. எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சிரித்தார்.

மாரி-ரோஸ் ஒரு ஸ்டூலை இழுத்து அவர் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"எந்த எடத்துல வலிக்குது தம்பி? பதறாம சொல்லுங்க."

கப்ரியேல் அண்ணியைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். வாசலில் சவ வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை.