பதினொரு மணி அப்பாயின்ட்மென்ட்

அழைப்பு மணி அடித்தபோது வாலு மடிக்கணினிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட செல்லப்பெயர்; இருபத்தாறு வயதாகியும் விட்டபாடில்லை.

அண்ணி போய்க் கதவைத் திறந்தாள். வெளியே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். இடது கன்னம் பந்து மாதிரி வீங்கியிருந்தது. அதைக் கைக்குட்டையால் தாங்கியபடி பாதி வாயால் கேட்டார்.

"டாக்டர் இருக்காங்களா? பதினொரு மணிக்கு அப்பாயின்ட்மென்ட்."

"எந்த டாக்டருங்க? இது வீடு."

அவர் செல்போனை நீட்டினார். 'முத்துப்பல் பல் மருத்துவமனை. உங்கள் நேரம் உறுதி செய்யப்பட்டது.' கீழே கதவு எண், தெரு, மூன்றாவது மாடி. எல்லாம் சரி, மருத்துவமனைதான் இல்லை.

அண்ணி திரும்பி வாலுவைப் பார்த்தாள். வாலு மடிக்கணினியை மூடிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வெப்சைட் செய்யக் கற்றுக்கொண்டு, தனியாகத் தொழில் தொடங்கியிருந்தாள் அவள். போகிற இடத்திலெல்லாம் "இதுவரை செஞ்சதைக் காட்டுங்க" என்றார்கள். யாராவது வேலை கொடுத்தால்தானே செய்து காட்டுவதற்கு? அதனால் இல்லாத ஒரு பல் மருத்துவமனைக்கு, பயிற்சிக்காக, அசல் போலவே ஒரு வெப்சைட் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டாள். வரைபடத்தில் புள்ளி வைக்க ஒரு முகவரி வேண்டியிருந்தது. கைக்கு முதலில் வந்தது சொந்த வீட்டு முகவரி. நேரம் பதிவு செய்கிற படிவமும் ஜோராக வேலை செய்தது. கொஞ்சம் அதிகமாகவே ஜோராக.

"தப்பு என்னோடது சார். அப்படி ஒரு ஆஸ்பத்திரியே கிடையாது. வாங்க, நிஜ டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

"கிடையாதா? வெப்சைட்ல பல்லெல்லாம் தெரிய ஒரு டாக்டரம்மா சிரிச்சிட்டு இருந்தாங்களே."

"அது எங்க அண்ணி சார்."

தன் கல்யாணப் போட்டோ எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

வாலு அவரை டாக்சியில் ஏற்றி, நாலு தெரு தள்ளியிருந்த பல் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பல்லைப் பிடுங்கி முடிக்கும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான்.

"முதல்ல அந்த சைட்டைத் தூக்கு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். இந்தா, உனக்கு ரெஸ்யூம் நானே எழுதிட்டேன்."

ஐந்து வருட அனுபவம், ஒன்பது கம்பெனிகள், மூன்று பேர் எழுதிய பாராட்டு. மூன்றிலும் அண்ணனின் நடை.

"யாருண்ணா இந்த ஒன்பது கம்பெனி? அட்ரஸ் கேட்டா?"

"எவன் கேக்கப்போறான்? ஊரே இப்படித்தான் ஓடுது."

"காலைல ஒருத்தர் அட்ரஸைத் தேடி மூணு மாடி ஏறி வந்தார், அண்ணா."

அண்ணன் பேச்சைத் திருப்பினான்.

"நாளைக்கு நீ வெப்சைட் வேலை கேக்கப் போற அந்த டிரைவிங் ஸ்கூல்காரம்மா வேணாம்னுட்டா, திங்கக்கிழமை என் ஆபீஸ்ல பில் போடுற சீட்ல வந்து உட்காரணும். நீயே ஒத்துக்கிட்டது. பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன். ஆனா இதைக் காட்டி ஜெயிச்சா அது உன் வேலை. என்னோடது இல்ல."

"கொழுப்பு."

"இருந்துட்டுப் போகட்டும்."

அன்று சாயங்காலம் தன் ரெஸ்யூமைத் தானே எழுதினாள். ஒரே பக்கம். செய்த வேலை: ஒன்று. அதற்குக் கீழே, செய்த தப்பு. அதைத் திருத்திய விதம். கன்னம் வீங்கியவரிடம் போனில் கேட்டு வாங்கிய நான்கு வரிக் கருத்தையும், அவர் சம்மதத்தோடு அவருடைய எண்ணையும் சேர்த்தாள்.

டிரைவிங் ஸ்கூல் அறையில் சுவர் முழுக்கச் சாலைக் குறிகள். மேசைமேல் பொம்மைக் கார்கள். முதலாளியம்மா அந்த ஒரு பக்கத்தை இரண்டு தரம் படித்தாள்.

"ஒரே ஒரு வெப்சைட்டு. அதுவும் பொய் ஆஸ்பத்திரி."

"பயிற்சி ஆஸ்பத்திரி மேடம். இப்ப மேலேயே பெருசா அப்படி எழுதிட்டேன். அட்ரஸை எடுத்துட்டேன். படிவத்தை நிரப்பினா, 'இது வெறும் பயிற்சி, நிஜ மருத்துவமனை இல்லை'னு சொல்லிடும்."

முதலாளியம்மா அந்த நான்கு வரியைச் சத்தமாகப் படித்தாள். "'பல் பிடுங்கப் போனேன். மருத்துவமனை இல்லை. படிவம் நன்றாக இருந்தது. யார் உதவியும் இல்லாமல் நானே நிரப்பினேன்.' இவர்கிட்ட பேசலாமா?"

"பேசுங்க. பேச்சு கொஞ்சம் குழறும். நேத்துதான் பல்லு பிடுங்கினாங்க."

ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. "அந்தப் பொண்ணா? வீங்கின மூஞ்சியோட என்னை மூணு மாடி ஏத்திடுச்சும்மா. ஆனா வேலை முடியற வரைக்கும் கூடவே இருந்துச்சு. ஓடி ஒளியல."

முதலாளியம்மா போனை வைத்தாள்.

"காலைல ஒருத்தன் வந்தான். பதினாலு கம்பெனிக்கு செஞ்சேன்னான். ரெண்டுக்குப் போன் போட்டேன். ரெண்டையும் ஒரே குரல் எடுத்துச்சு." பொம்மைக் கார் ஒன்றை விரலால் உருட்டினாள். "சரிம்மா. உனக்கு அனுபவம் கம்மி. எனக்கு இதை இலவசமா செஞ்சு குடு. அடுத்த இடத்துல காட்ட உனக்கும் ஒண்ணு ஆச்சு."

திங்கட்கிழமையும் பில் போடுகிற சீட்டும் வாலுவின் கண்முன் வந்து நின்றன.

"இலவசமா ஒண்ணு செஞ்சாச்சு மேடம். வீடு வரைக்கும் ஆள் வந்தாச்சு. புது டிரைவர்கிட்ட, அனுபவம் வரட்டும், சம்பளம் இல்லாம ஓட்டுன்னு சொல்லுவீங்களா?"

வெளியே யாரோ ஒரு கற்றுக்குட்டியின் கையில் கார் குலுங்கி நின்றது.

"கொழுப்பும்மா உனக்கு."

"எங்க அண்ணனும் அதான் சொன்னார்."

முதலாளியம்மா மேசை இழுப்பறையைத் திறந்தாள். "பாதிப் பணம் இப்ப. மீதி, என்கிட்ட படிக்கிறவங்க யாரையும் கேக்காம அவங்களே நேரம் பதிவு பண்ணினப்புறம்."

"சரி மேடம். அதுதான் நியாயம்."

வீட்டில் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "திங்கக்கிழமை எட்டரைக்கே கிளம்பணும், சொல்லிட்டேன்."

"நீ கிளம்பு. எனக்கு வேலை இருக்கு."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அந்த ஒன்பது கம்பெனியைக் காட்டினியா?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்."

"பல் ஆஸ்பத்திரி?"

"ரெஸ்யூம்ல முதல் வரியிலேயே வெச்சிருக்கேன்."

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் குரல் வந்தது. "என் போட்டோவை மட்டும் எடுத்துடாதே, வாலு. அதைப் பார்த்துத்தான் அவர் மூணு மாடி ஏறியிருக்கார்."