சாயம் தலைக்கு ஏறிய நாள்

ஈ.ஈ.ஜி. அறையில், மூளையின் மின் அலைகளைப் படமெடுக்கும் வேலையில் எனக்குப் பதினெட்டு வருஷம். எத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன்! ஆனாலும் அந்தப் பெரிய டாக்டரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு பஸ் டிரைவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். காலையில் தண்டுவட ஸ்கேனுக்காக அவர் முதுகில் சாய மருந்து செலுத்தியிருந்தார்கள். அதன்பிறகு தலையை உயர்த்தியே படுக்க வைக்க வேண்டும். வார்டில் எந்தப் புண்ணியவானோ கட்டிலைச் சமமாக இறக்கிவிட்டுப் போய்விட்டான். மருந்து தலைக்கு ஏறி, மதியம் கை வெட்டி இழுத்து, மனிதர் உளறியிருக்கிறார். நான் எடுத்த படத்திலும் அலைகள் தாறுமாறாக ஓடின. "இன்று சாய மருந்து செலுத்தப்பட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி எடுக்கவும்" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

டாக்டர் அதைச் சட்டையே செய்யவில்லை. "வலிப்பு நோய். இனி வண்டி ஓட்டக் கூடாது" என்று கையெழுத்துப் போட்டு, மாத்திரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். போய்க் கேட்டேன்.

"நீங்க வயர் ஒட்டுற வேலையை மட்டும் பாருங்கம்மா."

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப் பிரசண்டன்! அந்த மனிதருக்குத் தெரிந்த ஒரே தொழில் ஸ்டியரிங் பிடிப்பது. மறுநாள் வீட்டுக்குக் கிளம்பியவரை வாசலில் மறித்தேன்.

"அண்ணே, அந்தக் கடுதாசியை டெப்போல குடுத்துடாதீங்க. நாளன்னைக்கு என்கிட்ட வாங்க."

வந்தார். படம் எடுத்தேன். அலைகள் ஒழுங்காக ஓடின, ஒரு கோணல் இல்லை. அவரையும் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களா, நான் எழுதின மாத்திரை எப்படி வேலை செய்யுதுன்னு? ஆயுசுக்கும் நிறுத்தக் கூடாது."

டிரைவரின் மனைவி கைப்பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இன்னும் வாங்கவே இல்லைங்க. எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்லன்னுட்டாங்க."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவை எடுத்து, பழையதை அடித்து, "சாய மருந்தின் தற்காலிக விளைவு. வண்டி ஓட்டலாம்" என்று எழுதினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அல்லவா!

"ரொம்ப நன்றிங்க டாக்டர்" என்று டிரைவர் இரண்டு கைகளையும் எடுத்துக் கும்பிட்டார்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கைகளைப் பிடித்து நானே கீழே இறக்கிவிட்டேன்.