முப்பிடாதி தலைக்குள் வாழைப்பழம்

முப்பிடாதியின் தலைக்குள் போகிற ரத்தக்குழாயில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. அவளுடைய புருஷன் சுடலைமணி செருப்பை ஆஸ்பத்திரி வராந்தாவில் விட்டுவிட்டு, அவள் காதுக்குப் பின்னாலிருந்த வாசல் வழியாக உள்ளே போனான்.

தலைக்குள் ஒரு குழாய் வெடித்திருந்தது. அதை டாக்டர்கள் அடைத்துவிட்டார்கள். இப்போது நல்ல குழாய்கள் தாமாகவே சுருங்குகின்றன. "உள்ள போயி என்னன்னு பாத்துட்டு வாங்க" என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

குழாயின் சுவர் முழுக்க ஆட்கள். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு கதவு. அதன் வழியாகக் கால்சியம் போனால் ஆள் இறுகி முன்னால் வருவார், வழி குறுகும். கால்சியத்தை அங்கே சுண்ணாம்பு என்றுதான் சொல்கிறார்கள். வெளியே சிந்திக் கிடந்த ரத்தம் கதவு கதவாகத் தட்டி, "இறுக்குங்க, இறுக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு வேறு வேலை இல்லை.

வழியின் கடைசியில் ஓர் அறை. முப்பிடாதி தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் அதில்தான் வைத்திருந்தாள். ரத்தம் போய்ச் சேராவிட்டால் அறை அவிந்துவிடும். அந்த அறையில் சுடலைமணியும் இருந்தான்.

ஸ்டூலில் ஒரு வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார்.

"உள்ள விடுங்க அண்ணாச்சி."

"நான் எங்க தடுத்தேன்? வழிதான் இல்ல. கையில என்ன?"

"வாழைப்பழம். பாக்க வந்தவுக குடுத்தது."

"அதுல பொட்டாசியம் இருக்கு. ஒண்ண உரிச்சு கதவுக்கு வெளிய வையும்."

உரித்து வைத்தான். முதுகுக் கதவுகள் சாத்திக்கொண்டன. ஆட்கள் பெருமூச்சு விட்டுப் பின்னால் சாய்ந்தார்கள். வழி அகன்றது. உள்ளேயிருந்து முப்பிடாதியின் குரல் கேட்டது.

"ஏங்க, சாப்ட்டீயளா?"

சுடலைமணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காரியத்தைக் கெடுத்ததும் அதுதான். முப்பிடாதியின் அண்ணனுக்குப் போன் போட்டு, "பழம் வேலை செய்யுது மச்சான்!" என்று கத்தினான்.

சொந்தம் மொத்தமும் வேன் பிடித்து வந்தது. ஆளுக்கொரு தார்.

"போதும்வே!" என்று வாட்ச்மேன் எழுந்துவிட்டார். "கொஞ்சமா இருந்தாத்தான் கதவு சாத்தும். கூடிப்போச்சுன்னா எல்லாக் கதவும் தொறந்துக்கிடும். திருப்பி அனுப்பும்."

"ஆசையா கொண்டாந்திருக்காவ அண்ணாச்சி. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?"

வாட்ச்மேன் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டார்.

சுடலைமணி ஒவ்வொருவரிடமும் "எதுக்கு இதெல்லாம்?" என்று மட்டும் சொன்னான். அப்படிச் சொன்னால் யாரும் திருப்பிக் கொண்டுபோக மாட்டார்கள். அது அவனுக்கும் தெரியும், பாவி.

சின்ன அத்தை தன் தாரை இறக்கி வைத்ததும் எல்லாக் கதவும் திறந்தன. சுண்ணாம்பு மடமடவென்று ஏறியது. சுவர் முன்னால் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று ஒருவரின் முழங்காலைப் பிடித்துத் தள்ளினான்.

"நாங்களா செய்யுதோம்? சுண்ணாம்பு உள்ள வந்துட்டுல்லா" என்றார் அவர். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

கடைசியில் ஒரு டம்ளர் நுழைகிற இடைவெளிதான் மிஞ்சியது. அதில் வாயை வைத்துக் கூப்பிட்டான்.

"முப்பிடாதி, நாந்தான்."

"யாரு?"

"சுடலைமணி."

"அப்படி யாரையும் தெரியாதே." கொஞ்சம் பொறுத்து, "பழம் கொண்டாந்தவரா? நிக்க வச்சிட்டனே. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

இடைவெளி வழியாக டம்ளர் வந்தது. விருந்தாளிக்குப் போடுகிற காப்பி, சீனி தூக்கலாக இருந்தது. சுடலைமணிக்குச் சீனி ஆகாது. அதை ஒருநாளும் மறக்காதவள் அவள் ஒருத்திதான்.

அடிவரை குடித்தான்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கு."

டம்ளரைத் திருப்பிக் கொடுக்க இடைவெளி இல்லை.