கரவானுக்குள் ஒரு இரைச்சல்

என் மனைவி தேவமலர் ஐம்பத்திரண்டு வயதில் தாதியர் படிப்புக்கு இடம் கிடைத்து ஆஹென் நகரத்துக்குப் போனாள். எனக்கு அது பிடிக்கவில்லை. இதை ஒளித்துவைத்து நல்லபிள்ளை வேஷம் போட நான் தயாரில்லை. முதியோர் இல்லத்தில் உதவியாளராக இத்தனை வருடம் நின்றவள், அப்படியே நின்று பென்ஷன் எடுத்துவிட்டுப் போகலாமே. நான் ஜெர்மனியின் ஹம் நகரத்தில் பஸ் ஓட்டுகிறேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் இருட்டு வீடு, குளிர்ந்த அடுப்பு. ஒரு மனிதன் எத்தனை நாள்தான் பாணும் சீஸும் தின்பான்?

பக்கத்து ஊர்ப் பள்ளிகள் எல்லாம் அவள் வயதைப் பார்த்துக் கைவிரித்துவிட்டன. ஆஹென் மட்டும்தான் கூப்பிட்டது. ஆனால் அங்கே அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஒரு சந்து பொந்து விடாமல் நிறைத்து வைத்திருந்தார்கள். "இடமில்லை, விட்டிடும்" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள்.

"எங்கடை கரவான் சும்மாதானே நிக்குது. அதைக் கொண்டுபோய் விடுங்கோ, நான் அதுக்கை இருப்பன்."

காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற சக்கர வீடான அந்தக் கரவான் எங்கள் கலியாணத்தை விட மூப்பு. கோடை விடுமுறைக்கு இழுத்துக்கொண்டு போக ஒரு சக சாரதியிடம் வாங்கினது. ஆஹெனுக்கு வெளியே, வருடம் முழுக்கத் திறந்திருக்கும், கரவான்கள் நிறுத்துகிற ஒரு முகாமில் அதை நிறுத்தினோம். வசந்தகாலம் வரைக்கும் இடம் தந்தார்கள். முகாமின் பொறுப்பாளர் ஒரு ஜெர்மன் பெண்மணி. விதிகள் அடங்கிய தாளை என் கையில் தந்து, ஒரு வரியை மட்டும் விரலால் தட்டிக் காட்டினார். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம், ஈ பறக்கிற சத்தமும் கேட்கக்கூடாது.

ஈ பறந்தால் பரவாயில்லை. எங்கள் கரவானில் இரைந்தது கன்வேட்டர். வெளிக் கரண்டை வாங்கி, உள்ளே இருக்கிற விளக்குக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஏற்றபடி பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றித் தருகிற இரும்புப் பெட்டி அது. உட்காரும் வாங்குக்குக் கீழே இருந்துகொண்டு, பல்வலிக்காரன் போல இராப்பகலாக முனகியது. திருகாணிகளை இறுக்கினேன். கீழே இறப்பர்த் துண்டு வைத்தேன். முனகல் நிற்கவில்லை. அடுத்த கரவானில் இருந்த ஹெர் ஹான்சன் என்ற ஓய்வுபெற்ற மனிதர் பொறுப்பாளரிடம் முறைப்பாடு எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மலருக்கு வரவில்லை.

"மனுசன் பாவம், நித்திரை குழம்புதாம். நான் ரெண்டு தோசை சுட்டுக் குடுத்தனான். சம்பலோடை சாப்பிட்டவர்."

"எனக்குத் தோசை இல்லை, அந்தாளுக்குத் தோசை!"

"நீங்கள் முறைப்பாடு எழுதேல்லைத்தானே" என்று சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை பழைய பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய கன்வேட்டர் பூட்டினேன். சின்னது, உள்ளே ஒரு குட்டி விசிறி. சூடானால் மட்டும் சுழலும், மற்றபடி மூச்சுக்கூட விடாது. நான் ஒரு எஞ்ஜினியர் மாதிரிக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஹெர் ஹான்சன் தன் யன்னலால் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெருமை நவம்பர்க் குளிர் தொடங்கும் வரைதான் நின்றது. திரும்பவும் முறைப்பாடு, இந்தமுறை முன்னையதை விட மோசம். பகல் முழுக்கப் பெட்டி அலறுகிறதாம். மதிய ஓய்வு நாசமாம். பொறுப்பாளர் மலரிடம் நேரே வந்து சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஓய்வு நேரத்தில் தானே வந்து காதால் கேட்பாராம். சத்தம் இருந்தால் மாத முடிவில் கரவானை அகற்ற வேண்டுமாம்.

கரவான் போனால் படிப்பும் போகும். வேறு இடமில்லை, ஹம்மிலிருந்து தினமும் போய்வரவும் ஏலாது. அதற்கடுத்த திங்கட்கிழமை அவளுக்குப் பயிற்சிக் காலத்தின் முதல் சோதனை வேறு.

"நான் பள்ளிக்கூடத்தாலை பின்னேரம் வந்து பாக்கேக்கை ஒரு சத்தமும் இல்லை" என்றாள் போனில். குரல் உடைந்திருந்தது. "அவருக்கு இப்ப கிழமையிலை மூண்டு நாள் தோசை குடுக்கிறன். வீட்டை இருந்து பெரிய பானையும் கொண்டுவந்திட்டன். வேறை என்னதான் செய்ய?"

சனி ஞாயிறுகளில் நான் போகும்போதும் ஒரு சத்தமும் இருந்ததில்லை. எனவே எனக்கு ஒன்று நிச்சயமாயிற்று. தோசையையும் தின்றுவிட்டு இந்த ஹான்சன் பொய் சொல்கிறார். ஒரு தமிழிச்சி பக்கத்தில் இருப்பது அந்தாளுக்குக் கண்ணுக்குள் குத்துகிறது. புதன்கிழமை லீவு போட்டேன். மலரிடம் சொல்லவில்லை. அவள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், அந்தாளை நேருக்கு நேர் நாலு கேள்வி கேட்பதென்று கொலோன் நகரத்தைத் தாண்டும்போது ஜெர்மன் மொழியில் வசனமெல்லாம் கோத்துக்கொண்டு போனேன்.

காரை நிறுத்திக் கதவைத் திறந்ததும் என் வசனங்கள் எல்லாம் மறந்து போயின. எங்கள் கரவான் அலறியது. உள்ளே யாரோ தகரத்தைப் பிடித்து அரத்தால் இழுப்பது போலிருந்தது. ஹெர் ஹான்சன் தன் வாசலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, கட்டிட வேலைக்காரர் போடுகிற காதுமூடியோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் கரவானை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார்.

உள்ளே போய் வாங்கின் மெத்தையைத் தூக்கி மூடியைத் திறந்தேன். அனல் முகத்தில் அடித்தது. கூடவே புளித்த மணம். மலர் போனில் சொன்ன எங்கள் வீட்டுப் பெரிய எவர்சில்வர் பானை, என் புதிய கன்வேட்டருக்கு மேல் சம்மணமிட்டு இருந்தது. பானையையும் பெட்டியையும் சேர்த்து ஒரு கம்பளி. குளிரில் பிள்ளைக்குச் சுற்றுவது போல, காற்றுப் போகிற துவாரங்கள் எல்லாம் அடைபட, இறுக்கிச் சுற்றியிருந்தாள். தோசைமா பொங்கி வழிந்து விசிறிக்குள் இறங்கிக் காய்ந்து கிடந்தது.

எனக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கியது. பகலில் காஸ் ஹீற்றரை அணைத்துவிட்டுப் போவாள். அந்தக் குளிரில் மா புளிக்க ஒரே ஒரு சூடான இடம் இதுதான். பழைய பெட்டி தானாகவே சூடாக இருந்தது. புதியது சூடாகாதபடியால் கம்பளியால் மூடிச் சூடாக்கியிருக்கிறாள். காலையில் வைப்பாள், பெட்டி பகல் முழுக்க மூச்சுத் திணறி அலறும், பின்னேரம் பானையை எடுத்ததும் அடங்கிவிடும். அந்த மனிதர் முறைப்பாடு கொடுக்க, இவள் அவரைச் சமாதானப்படுத்தக் கூடுதலாகத் தோசை சுட, அதற்குக் கூடுதல் மா, அதற்குப் பெரிய பானை, அதனால் இன்னும் பெரிய சத்தம்.

சிரிக்க வாயெடுத்தேன். சிரிப்பு வரவில்லை, வேறொரு நினைப்பு வந்தது. பானையைத் திரும்ப அந்த இடத்திலேயே வைத்துவிட்டு மூடியைச் சாத்தினால்? நான் வந்தது மலருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைக்கு நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, பெட்டி தானே அலறும். மாத முடிவில் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டில் விளக்கு எரியும், அடுப்பு எரியும்.

பானையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அவள் எப்படி வருவாள் என்று எனக்குத் தெரியும். புத்தகங்களை அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, நேரே குசினிக்குப் போய் எனக்குத் தோசை சுட்டு வைப்பாள். அது என் தொண்டைக்குள்ளால் இறங்குமா? இறங்காது. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. எழும்பிப்போய்க் கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, என் பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துவந்து விசிறியின் ஒவ்வொரு இதழாகச் சுரண்டத் தொடங்கினேன்.

சுரண்டி முடித்து, துடைத்து, வயரைக் குத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. வேலை செய்கிறதா என்று பச்சை விளக்கைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

ஹெர் ஹான்சன் காதுமூடியைக் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பானையைக் காட்டி எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் சிவந்துபோனது.

"அப்படியென்றால் என் மதிய நித்திரையை நானே சாப்பிட்டிருக்கிறேன்" என்றார்.

பின்னேரம் மலர் வந்து என்னைக் கண்டு திடுக்கிட்டாள். நான் விட்டுவைக்கவில்லை.

"விசரே உமக்கு? கரவான் பத்தி எரிஞ்சிருக்கும். அதுக்கை நீரும் படுத்திருக்கிறீர்!"

"நான் படுக்கேக்கை பானையை எடுத்துப்போடுவன்" என்றாள் மெதுவாக. பிறகு எல்லாம் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு வாங்கில் இருந்தாள். "அப்ப... இவ்வளவு நாளும் நான்தானோ?"

அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது, கடைசியில் அது அழுகையாகவும் போனது. அந்த நேரம் ஹெர் ஹான்சன் வந்து, தன் கரவான் வாசலோடு சேர்ந்த கூடாரத்து ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு மேசை சும்மா கிடக்கிறது, பானையைத் தரலாமா என்று கேட்டார். முறைப்பாட்டையும் அன்றைக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் பொறுப்பாளர் அசையவில்லை. எழுத்தில் வந்ததைத் தன் காதால் கேட்டுத்தான் மூடுவாராம். இந்த நாட்டில் அப்படித்தான்.

நான் முதலாளியிடம் கெஞ்சி வெள்ளி வரைக்கும் நின்றேன். மலருக்கு அன்று வீட்டிலிருந்து படிக்கிற நாள். ஒரு மணிக்கே கன்வேட்டரைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தி, அவளைச் சுவாசம் கூட மெதுவாக விடச் சொல்லிவிட்டு வெளியே நின்றேன். பொறுப்பாளர் உடனே வரவில்லை. இரண்டு மணி தாண்டித்தான் கம்பீரமாக நடந்து வந்தார். ஹெர் ஹான்சனும் வெளியே வந்தார். மூவரும் கரவானுக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றோம். கன்வேட்டர் வாயே திறக்கவில்லை. பொறுப்பாளரின் முகம் இளகத் தொடங்கியது.

அப்போதுதான் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மலரின் குரல். காத்திருந்து அலுத்துப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள், எடுத்ததும் உலகத்தை மறந்திருக்கிறாள். ஊரில் நாங்கள் எல்லோரும் படித்த மாதிரி, வாய்விட்டு, இராகம் இழுத்து, ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்ப ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நோயாளியைத் தொடுவதற்கு முன்னால், என்ன செய்யப்போகிறேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால்..."

கரைக்கு வந்த தோணியைத் தானே கவிழ்க்கிறாளே என்று யன்னலைத் தட்டக் கையை ஓங்கினேன். பொறுப்பாளர் புருவத்தை உயர்த்தி, "இது என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"இது சத்தமில்லை" என்றார் ஹெர் ஹான்சன். "அவர் படிக்கிறார். பின்னேரங்களில் என் யன்னலுக்குக் கேட்கும். போன கிழமை சிறுநீரகம் படித்தார். முதல் நாள் தடுமாறினார், மூன்றாம் நாள் ஒரு பிழையும் இல்லை. திங்கட்கிழமை சோதனை, நிறுத்தச் சொல்லாதீர்கள்."

பொறுப்பாளர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வசந்தகாலம் வரை இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, சரளைக் கற்களில் சத்தம் வராமல் புல்லுக்கு மேலால் நடந்து போனார்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்று தைத்தது. என் மனைவி எதைப் படிக்கிறாள், எந்த இடத்தில் தடுமாறுகிறாள், எப்போது அதைத் தாண்டினாள் என்பதெல்லாம் பக்கத்துக் கரவான்காரருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சனி ஞாயிறுகளில் வந்து பாணையும் சீஸையும் பற்றிப் புலம்பிவிட்டுப் போயிருக்கிறேன். அவள் என் முன்னால் ஒரு நாளும் புத்தகத்தைத் திறக்கவில்லை.

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் மலர் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"ஐயோ, கேட்டுட்டுதோ? மனுசி என்ன சொன்னவ?"

"இருக்கட்டாம்" என்றேன். எதிரே உட்கார்ந்தேன். "படியும். நான் கேக்கிறன்."

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு விட்ட இடத்தைத் தேடி விரலை வைத்தாள்.

"அதிலையில்லை" என்றேன். "சிறுநீரகத்திலை இருந்து தொடங்கும். அதை நான் கேக்கேல்லை."