மூன்றாம் தூணுக்கு ஒப்புதல்

கூவனோடைப் பாலத்தின் மூன்றாவது தூண் வேலை நாட்களில் காலை பத்து மணிக்கு நான்கு மீட்டர் கிழக்கே நகர்ந்து போய் நிற்கும். மாலை ஐந்தே முக்காலுக்குக் கட்டிய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறைகளிலும் நகராது. அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்த இரண்டு நாட்களும் அசையாமல் நின்றது. அகரம் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேலாம்புதூரைத் திண்டுக்கல் சாலையோடு சேர்க்கக் கட்டிய பாலம் அது. தூண் நகரும்போது சத்தம் வராது. மேலே கிடந்த தளமும் விரிசல் விடாமல் அதற்கு இடம் கொடுத்தது. முதல் வாரம் வேடிக்கை பார்க்க ஆள் கூடியது, ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் நல்ல வியாபாரம் பார்த்தார். மூன்றாவது வாரத்தில் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்து மணி தெரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள்.

உதவிப் பொறியாளர் ரோஸ்மேரிக்கு மட்டும் அது பழகவில்லை. தூணை அங்கே கட்டச் சொன்னது அவள்தான். அஸ்திவாரம் தோண்டியபோது, வரைபடம் காட்டிய இடத்தில் ஏழடி ஆழத்தில் கருங்கல் வளையம் ஒன்று தட்டுப்பட்டது. எந்தக் காலத்திலோ தூர்த்த பாசனக் கிணறு. கம்பியை இறக்கிப் பார்த்தால் முப்பதடிக்கும் சேறு. நாலு மீட்டர் மேற்கே பன்னிரண்டு அடியிலேயே பாறை இருந்தது. ஆனால் அரசு ஒப்பந்த வேலையில் ஒரு தூணை ஒரு முழம் தள்ளிக் கட்டவும் முன் அனுமதி வேண்டும். மாற்றத்துக்கான காரணம், மண் பரிசோதனை அறிக்கை, பழைய அளவையும் புதிய அளவையும் அருகருகே எழுதிய ஒப்பீட்டுப் பட்டியல், திருத்திய வரைபடம், எல்லாவற்றுக்கும் ஐந்து நகல். ரோஸ்மேரி மூன்றே நாளில் அவ்வளவையும் தயார் செய்து கோட்ட அலுவலகத்தில் எழுத்தர் ஃபயாஸிடம் கொடுத்தாள். அங்கிருந்து கோப்பு மதுரைக்குப் போய், பிறகு சென்னைக்குப் போக வேண்டும்.

ஒப்பந்தக்காரர் கருப்பணன் குழியின் விளிம்பில் நின்று வானத்தைப் பார்த்தார். "மேடம், மழைக்கு முன்னாடி கான்கிரீட் போடலைன்னா குழி தூந்துபோகும். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, பாறை மேல கட்டிப்புடுறேன். கடுதாசி பின்னால வரட்டும்."

ரோஸ்மேரி அந்தச் சேற்றைப் பார்த்தாள். வேலைத்தள உத்தரவுப் புத்தகத்தை வாங்கி, 'தூணைப் பாறையின் மேல் கட்டவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருட வேலையில் அவள் விதியை மீறியது அந்த ஒரு தடவைதான். பாலம் அடுத்த பங்குனியில் முடிந்தது. கடுதாசி வரவில்லை. முடிந்த மறு திங்கட்கிழமை பத்து மணிக்குத் தூண் புறப்பட்டு, அனுமதி பெற்ற வரைபடத்தில் இருந்த இடத்துக்கு, கிணற்றின் மேலேயே போய் நின்றது.

கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. ஒருமுறை ஐந்தாவது நகலில் பக்க எண் இல்லை. ஒருமுறை வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி சிறியதாக இருந்தது. ஒருமுறை, அங்கே கிணறு இருந்ததற்கு வருவாய்த் துறையின் சான்று கேட்டார்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்தக் கிணறு இல்லை. ரோஸ்மேரி ஒவ்வொன்றையும் சரி செய்து அனுப்பினாள். அதற்கிடையில் பாலத்தின் இரண்டு முனையிலும் தார் டிரம்களை நிறுத்தி, கயிறு கட்டி, 'காலை 10 முதல் மாலை 5.45 வரை கடக்கக் கூடாது' என்று பலகை வைத்தாள். ஊர் அதற்கு ஏற்றபடி மாறிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டு மணிக்கே கடந்தார்கள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை கொண்டுபோகும் அய்யம்மாள் விடிந்ததும் கடந்து, வேலை முடிந்தாலும் சாயங்காலம் வரை மார்க்கெட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றபடி சுற்றிப் போனால் பதினாலு கிலோமீட்டர். மழைக்காலத்தில் அந்த வழியும் முழுகிவிடும்.

"ஏம்மா இன்ஜினியரம்மா, அது எப்பத்தான் ஒரு எடத்துல நிக்கும்?" என்று அய்யம்மாள் ஒருநாள் கேட்டாள். அவள் மகள் கௌசல்யா அப்போது முழுகாமல் இருந்தாள்.

"கையெழுத்து வந்ததும் நின்னுரும்க்கா."

இரண்டாவது வருடப் புரட்டாசியில் மேலதிகாரி ஒருவர் நேரில் ஆய்வுக்கு வந்தார். வந்தது ஒரு வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு. டேப் பிடித்து அளந்தார். தூண் பழைய வரைபடத்தில் இருந்தபடி ஒரு நூல்கூடப் பிசகாமல் இருந்தது. "சரியாத்தானே இருக்கு. எதுக்கு மாற்றம் கேட்டு ரெண்டு வருஷமா எழுதுறீங்க?" என்றார்.

"சார், ஞாயித்துக்கிழமை ஒரு தடவை வந்து பாருங்க."

"ஞாயித்துக்கிழமை ஆய்வு செய்ய விதியில எடமில்லைம்மா." அவர் கோபப்படவில்லை. இளநீர் குடித்தார். வரைபடப்படி முடிந்த பாலத்தை மறித்து வைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றே டிரம்களையும் பலகையையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடுப்பு எடுக்க முடிந்த நாட்களில் ரோஸ்மேரி தானே குடையோடு பாலத்து முனையில் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பினாள். விடுப்பு ஒன்பது நாட்களில் தீர்ந்துபோனது.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கௌசல்யாவுக்கு வலி கண்டது. அய்யம்மாள் விடியற்காலையே பூவோடு டவுனுக்குப் போயிருந்தாள். கௌசல்யாவின் புருஷன் அய்யனார், ஒட்டன்சத்திரத்துக்குக் காய்கறி ஏற்றும் தன் மினி லாரியில் அவளை உட்கார வைத்து, வேறு வழி இல்லாததால் பாலத்தில் ஏற்றினான். வண்டி நடுவில் வந்தபோது மூன்றாவது தூண் கிணற்றுச் சேற்றுக்குள் எட்டடி இறங்கியது. தளம் சரிந்து, வண்டி வெள்ளத்தில் போயிற்று. மாலை ஐந்தே முக்காலுக்குத் தூண் சேற்றிலிருந்து எழுந்து பாறைக்குத் திரும்பியதை ரோஸ்மேரி கரையில் நின்று பார்த்தாள். இரண்டு உடல்களும் மறுநாள் தடுப்பணையில் கிடைத்தன. மார்க்கெட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட அய்யம்மாள் மகளின் ஈர முடியைத் தன் முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

முன் அனுமதி இல்லாமல் தூணை இடம் மாற்றிக் கட்டச் சொன்னதற்காக ரோஸ்மேரியைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். அவள் மறுக்கவில்லை. அதே வாரம், கோப்பைத் தேக்கி வைத்திருந்த எல்லோருக்கும் அந்த அனுமதிக் காகிதம் தேவைப்பட்டது. இரண்டு வருடம் நகராத கோப்பு ஒன்பது நாளில் கையெழுத்தாகும் நிலைக்கு வந்தது. ஃபயாஸ் போனில் கூப்பிட்டான்.

"மேடம், வரைவு ஆணை என்கிட்டதான் இருக்கு. எந்தத் தேதியில இருந்து அமலுக்கு வருதுன்னு போடணும்."

"அஸ்திவாரம் போட்ட தேதியில இருந்து போடுங்க, ஃபயாஸ்."

"முன்தேதியிட்டா அந்தப் புதன்கிழமையும் அதுக்குள்ள வந்துருமே மேடம்."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

ஆணை வெளியான அன்று பத்து மணிக்குத் தூண் நகரவில்லை. அதன் பிறகும் நகரவே இல்லை. சரிந்த தளம் மட்டமாகக் கிடந்தது. பதினொன்றே காலுக்கு அய்யனாரின் மினி லாரி பாலத்தின் டவுன் பக்க முனையில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. சக்கரத்தில் சேறு இல்லை. இருக்கையில் கௌசல்யாவின் துணிப்பை உலர்ந்திருந்தது, பிளாஸ்கில் வெந்நீர் சூடாக இருந்தது. உள்ளே ஆள் இல்லை. ரோஸ்மேரி ஆணையை மூன்று தடவை படித்தாள். அதில் தூண் இருந்தது, தளம் இருந்தது, 'அதன் மேல் செல்லும் வாகனங்கள்' இருந்தது. ஆட்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இறந்தவர்களின் பெயர் வேறு துறையின் பதிவேட்டில் ஏறி, சான்றிதழும் கொடுத்தாகிவிட்டது.

அவள் அய்யம்மாளைக் கூட்டிக்கொண்டு பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். இறப்புப் பதிவை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பம் இரண்டு எழுதினாள். காரணம் என்ற இடத்தில், 'சம்பவ நாளில் தூண் பாறையின் மேல் இருந்தது' என்று எழுதி, ஆணையின் நகலை இணைத்தாள். பிறக்காத பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டாள். அதன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை, அதனால் ரத்து செய்ய ஒன்றுமில்லை, தாய் வந்தால் கூடவே வந்துவிடும் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லி, இரண்டு ரசீதுகளில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அய்யம்மாள் கேட்டாள். "இதுக்கு எம்புட்டு நாளாகும்மா?"

"பாலத்துக்கு ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. இதுக்கும் அம்புட்டு ஆகலாம்."

அய்யம்மாள் ரசீதுகளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு துணிக்கடை முன்னால் நின்று, விரல் விட்டு எண்ணினாள். பிறகு உள்ளே போய், ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு சட்டை எடுத்துக் காட்டச் சொன்னாள். ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா என்று கடைக்காரர் கேட்டார்.

"வந்தாத்தான் தெரியும்," என்றாள் அய்யம்மாள். "ரெண்டுக்கும் ஆகுறாப்புல குடுங்க."